எழுத்தறிவின் அளவுகோல் – 9: தீவுப் பள்ளிகளில் வாசிப்பு

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் அரசுப் பள்ளிகளில் இந்தி, ஆங்கிலம், வங்காளம், தமிழ், தெலுங்கு எனப் பல பயிற்றுமொழிகள் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3.8 லட்சம். அதில் வங்காளம் பேசுவோர் 28 விழுக்காடு, தமிழ் பேசுவோர் 15 விழுக்காடு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களும் இந்தத் தமிழர்களில் அடக்கம். இப்படிப்பட்ட இடத்தில், எழுத்துக் கற்பிக்கும் முறைகளில் எது பலன் தருகிறது என்பதை மொழிவாரியாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

வாசிப்பைச் சோதிக்க இந்தியாவில் பரவலாகப் பயன்படும் கருவி ஒரு தாள்தான். பிரதம் அமைப்பு 2005 முதல் ஏசர் கணக்கெடுப்பில் பயன்படுத்திவரும் அந்தத் தாளில் எழுத்துகள், சொற்கள், ஒரு பத்தி, ஒரு குட்டிக்கதை இருக்கும். பிள்ளையைத் தனியே உட்காரவைத்து முதலில் பத்தியைக் கொடுக்கிறார்கள். சரளமாக வாசித்தால் அடுத்தது கதை, திணறினால் சொற்கள். பிள்ளையே தேர்ந்தெடுக்கும் ஐந்து சொற்களில் நான்கு சரியாக வந்தால் அது சொல் நிலை. வராவிட்டால் எழுத்துக்கு இறங்க வேண்டும். சில நிமிட வேலைதான். ஆனால் கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதும் பிள்ளை அதே வரியை வாசிக்கத் தெரியாமல் விழிப்பது இதில் தெரிந்துவிடும். எழுத்துத் தேர்வில் தெரியாது.

இந்த நிலைகளின்படி, எந்த வகுப்பு என்று பாராமல், குழு பிரித்துக் கற்பிக்கும் முறையை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் பல மாநிலங்களில் ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்தார்கள். ஹரியானாவில் பள்ளி நேரத்திலேயே இதற்கெனத் தனி வேளை ஒதுக்கியபோதும், உத்தரப் பிரதேசத்தில் முகாம்களாக நடத்தியபோதும் வாசிப்பு உயர்ந்தது. பீகாரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் மட்டும் தந்த பள்ளிகளில் சொல்லும்படியான மாற்றமில்லை. தீவுகளுக்குக் காணொளி அனுப்பிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பீகாரை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தது. மதிப்பீடு கைப்பேசிச் செயலியில் பதிவானது. யார் எங்கே நிற்கிறார் என்பது உடனே தெரிந்தது உண்மை. பதிவேற்றவே பாடவேளை போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் குறைபட்டதும் உண்மை.

அளவுகோலிலும் ஒரு சிக்கல் உண்டு. 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத், மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்களாவது வாசிக்க வேண்டும் என்கிறது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்வதால் சொல் நீளும். இந்தியில் அது தனிச் சொல்லாக நிற்கும். ஒரே பள்ளியின் தமிழ்ப் பிரிவையும் இந்திப் பிரிவையும் இந்த எண்ணால் ஒப்பிட்டால் தமிழ்ப் பிள்ளை பின்தங்கியதாகவே தெரியும். 20 மொழிகளில் 2022இல் என்சிஇஆர்டி நடத்திய ஆய்வு மொழிக்கு மொழி தனி அளவு வகுத்தது சரியான முடிவு.

தீவுகளுக்குள் பாடங்களைப் பகிர்வதற்கான வழி 2020 ஆகஸ்ட் 10 அன்று அகலமானது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளும் கடலடிக் கண்ணாடி இழை வடம் அன்று இயங்கத் தொடங்கியது. அதுவரை செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசைதான். வடம் இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரையும் சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களையும் இணைத்தது. கச்சால் அந்தப் பட்டியலில் இல்லை. வடம் தொடாத இடங்களுக்கு, பள்ளிப் பாடங்களைத் தரும் அரசின் திக்‌ஷா செயலியின் எளிய வசதி ஒன்று உதவும்: இணையம் கிடைக்கும் இடத்தில் பாடத்தை இறக்கிக்கொண்டு, பிறகு இணையமில்லாமலே ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். கமோர்ட்டாவில் இறக்கிய பாடம் கப்பலேறிக் கச்சாலுக்குப் போக முடியும்.