ஊருக்குப் போகிறீர்களா? பணம் எங்கே இருக்கிறது?

அதிகாலை 3.30 மணி. ரெயில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் எல்லோரும் நல்ல தூக்கம்.

ஒருவர் மட்டும் திடுக்கிட்டு எழுந்தார். இடுப்பைத் தடவிப் பார்த்தார். பெல்ட்டில் வைத்துக் கட்டியிருந்த பணத்தைக் காணோம்! கால்சட்டையை யாரோ கத்தரித்திருந்தார்கள்.

போனது ரூ.1 லட்சம்!

இது கதை அல்ல. 2005-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், டெல்லிக்குப் போன காசி விசுவநாதர் எக்ஸ்பிரசில் நடந்தது. பணத்தைப் பறிகொடுத்தவர் டெல்லியில் இறங்கியதும் ரெயில்வே போலீசில் புகார் கொடுத்தார். பிறகு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். "ரெயில்வே பணத்தைக் கொடுக்க வேண்டும்" என்று தீர்ப்பு ஆயிற்று. மாநில கமிஷனிலும் அவருக்கே வெற்றி. தேசிய கமிஷனிலும் அவருக்கே வெற்றி.

ரெயில்வே விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. பயணி தன்னோடு வைத்திருந்த பணத்தைத் தானே காப்பாற்ற முடியவில்லை என்றால், அதற்கு ரெயில்வே பொறுப்பாகாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. 18 ஆண்டுகள் காத்திருந்தும் பணம் இல்லை!

1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. நீங்கள் சாமானைப் பதிவு செய்து ரசீது வாங்கியிருந்தால் ஒரு கணக்கு. உங்கள் காலடியில் இருக்கும் பெட்டி என்றால் வேறு கணக்கு. ரெயில்வே ஊழியரின் கவனக்குறைவால்தான் போயிற்று என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தவர் எதை நிரூபிப்பார்?

பாட்டியின் சுருக்குப் பை

அந்தக் காலத்தில் காசிக்குப் போகிறவர்கள் மூட்டை கட்டிப் பணம் கொண்டுபோகவில்லை. வியாபாரிகளிடம் பணத்தைக் கட்டி உண்டியல் வாங்கிக்கொள்வார்கள். கோவில் உண்டியல் அல்ல, உண்டியல் சீட்டு! போகிற ஊரில் அதைக் கொடுத்தால் பணம் கிடைக்கும். வழியில் திருடனுக்கு அகப்படுவது வெறும் காகிதம்தான்.

வீட்டுப் பெண்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். கொஞ்சம் முந்தானை முடிச்சில். கொஞ்சம் சுருக்குப் பையில். கொஞ்சம் பெட்டியில் புடவை மடிப்புக்குள். ஒன்று போனால் மற்றது இருக்கும்.

இப்போது நாம் என்ன செய்கிறோம்?

எங்கள் உறவுக்காரக் குடும்பம் ஒன்று மதுரைப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு மே மாதம் ஊட்டிக்குப் போனார்கள். கணவன், மனைவி, இரண்டு பெண்கள், பாட்டி. பணம் முழுவதும் பாங்கியில். பாங்கி முழுவதும் செல்போனில். செல்போன் கணவரின் சட்டைப் பையில்.

அந்தச் செல்போன் உறைக்குப் பின்னால்தான் ஏ.டி.எம். கார்டும் இருந்தது. "இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் தேட வேண்டாம்" என்பது அவர் எண்ணம். அவர் எண்ணியபடியே தேட வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. பஸ் ஏறும் நெரிசலில் இரண்டும் சேர்ந்தே போய்விட்டன!

லாட்ஜுக்குப் பணம் கொடுக்க வேண்டும். சின்னப் பெண்ணுக்குப் பசி. மனைவியிடமும் செல்போன் இருந்தது. ஆனால் அதில் பாங்கிக் கணக்கு இல்லை. "எதற்கு இரண்டு பேருக்கும்?" என்று விட்டுவிட்டார்கள். கையில் இருந்த ரொக்கம் எழுபது ரூபாய்!

பாட்டி ஒன்றும் பேசவில்லை. இடுப்பில் இருந்து சுருக்குப் பையை எடுத்தாள். உள்ளே நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். அன்று இரவு குடும்பம் சாப்பிட்டதும் படுத்ததும் அந்தப் பையால்தான். மறுநாள் மனைவியின் தம்பி ஒரு டீக்கடைக்காரரின் கணக்குக்குப் பணம் அனுப்பினார். நல்ல மனிதர், அதை அப்படியே ரொக்கமாக எடுத்துக் கொடுத்தார்.

முதலில் எதைத் தடுப்பது?

செல்போன் போனதும் கணவர் என்ன செய்தார் தெரியுமா? பஸ் நிலையம் முழுவதும் அரை மணி நேரம் தேடினார். மூத்த பெண்தான், "அப்பா, முதலில் சிம் கார்டை முடக்குங்கள்" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. பாங்கி அனுப்பும் ஒருமுறை ரகசிய எண் சிம் கார்டுக்குத்தான் வருகிறது. செல்போனுக்கு நீங்கள் பூட்டுப் போட்டிருக்கலாம். திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால்? அந்த எண் அவனுக்கு வந்துவிடும்! இதைத் தடுக்க சிம்முக்கே தனிப் பூட்டு உண்டு. போனின் அமைப்புகளுக்குள் போய் அதைப் போட்டுக்கொள்ளலாம். மூன்று முறை தப்பாக எண் போட்டால் சிம் வேலை செய்யாது. வீட்டில் இளைஞர் இருந்தால் புறப்படுவதற்கு முன்பே செய்யச் சொல்லுங்கள்.

சிம்முக்கு அடுத்தது பாங்கி. கார்டையும் செல்போன் கணக்கையும் முடக்கச் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பத்துக்குக் கணக்கில் இருந்து ஒரு காசும் போகவில்லை. அதிர்ஷ்டம்தான், வேறென்ன!

கார்டு விஷயத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 2020-ம் ஆண்டு அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, கார்டை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எவ்வளவு தொகை வரை என்று நீங்களே தீர்மானிக்கலாம். வேண்டாதபோது அணைத்தும் வைக்கலாம், மின்விளக்கைப் போல! பிரயாணத்துக்கு ஒரு கார்டில் குறைந்த தொகை வைத்து எடுத்துச் செல்லுங்கள். சேமிப்புக் கணக்கின் கார்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

கையால் தொடாத திருட்டு

பிக்பாக்கெட்டாவது உங்கள் பக்கத்தில் வர வேண்டும். இன்னொரு வகைத் திருடன் வருவதே இல்லை.

கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர் டிக்கெட் என்று போலி இணையதளம் நடத்திப் பணம் பறித்த கும்பல்கள் பல முறை பிடிபட்டிருக்கின்றன. புண்ணிய ஸ்தலங்களில் தங்கும் அறை என்றும் இதே மோசடி நடக்கிறது. படம் அழகாக இருக்கும். முன்பணம் அனுப்பியதும் போன் எடுக்க மாட்டார்கள்.

"உங்கள் முன்பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவன் சொல்வான். போடாதீர்கள்! பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ரகசிய எண் போட்டால் பணம் உங்களிடம் இருந்து போகிறது என்றுதான் பொருள்.

அப்படியும் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். சைபர் மோசடிக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. திருடிய பணம் சில நிமிடங்களில் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்குத் தாவும். சீக்கிரம் சொன்னால் வழியிலேயே மறிக்க முடிகிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் மறிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பாங்கியிடமும் உடனே சொல்ல வேண்டும். உங்கள் தப்பும் பாங்கியின் தப்பும் இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால், நஷ்டம் உங்கள் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-ம் ஆண்டு ஜூலையில் உத்தரவு போட்டது. ஆனால் ரகசிய எண்ணை நீங்களே சொல்லியிருந்தால், பாங்கிக்குச் சொல்லும் வரை போனதெல்லாம் உங்கள் கணக்குதான்.

ரெயிலில் பெட்டி, பை களவு போனால் 139. ஓடும் ரெயிலில் இருந்தே கூப்பிடலாம்.

ஊட்டிக்குப் போன அந்தக் குடும்பம் இந்த ஆண்டு ராமேசுவரம் புறப்படுகிறது. மனைவியின் போனிலும் கணக்கு ஏறிவிட்டது. பாட்டியின் சுருக்குப் பையில் ரூபாய் நோட்டோடு ஒரு சீட்டும் சேர்ந்திருக்கிறது. பாங்கியின் எண், தம்பியின் எண், 1930, 139 என்று பேத்தி பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"ஏ.டி.எம். ரகசிய எண்ணை மட்டும் இதிலே எழுதக் கூடாது பாட்டி" என்றாளாம் பேத்தி.

"அது எனக்குத் தெரியாதா? உங்க அப்பனுக்குப் போய்ச் சொல்லு" என்றாளாம் பாட்டி.