ஏரி மீனும் ஒரு மாணவரின் கடிதமும்

1970 மார்ச் மாதம் கனடாவின் மீன்வளத் துறைக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நார்வால்ட் ஃபிம்ரைட், நார்வே நாட்டுக்காரர். கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்திலும் லண்டன் என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள வெஸ்டர்ன் ஆன்டாரியோ பல்கலைக்கழகத்தில் அவர் விலங்கியல் ஆராய்ச்சி மாணவர். செயின்ட் கிளேர் ஏரியில் பிடித்த மீனில் பாதரசம் 7 பிபிஎம்முக்கு மேல் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பத்து லட்சத்தில் ஏழு பங்குதானே என்று கேட்கத் தோன்றும். ஆனால் விற்பனைக்கு வரும் மீனில் அரை பிபிஎம்தான் அன்றைய உச்ச வரம்பு. மாணவர் கண்டது அதைப்போல் பதினான்கு மடங்கு.

சில வாரங்களுக்குள் அந்த ஏரியில் வணிக மீன்பிடிப்பை நிறுத்திவிட்டார்கள். மறுகரை அமெரிக்காவின் மிச்சிகன். அங்கும் தடை வந்தது. இன்னும் படித்துக்கொண்டிருந்த ஒருவரின் கணக்கால் இரண்டு நாடுகளிலும் மீன்பிடிப்பு நின்றது.

ஃபிம்ரைட் முதலில் மீனைத் தேடி வந்தவரே அல்ல. அவருடைய அக்கறையெல்லாம் பறவைகள் மேல்தான் இருந்தது. அந்தக் காலத்தில் விதை தானியத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பாதரச மருந்து தடவி விதைப்பார்கள். ஸ்வீடனில் அப்படி விதைத்த வயல்களில் மேய்ந்த பறவைகள் செத்து விழுந்தன. அங்குள்ள ஆய்வாளர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளிலிருந்து இறகுகளை எடுத்து, நூறு ஆண்டுக் கணக்கைப் பார்த்தார்கள். 1940 வரை பாதரச அளவு ஏறக்குறைய ஒரே சீராக இருந்தது. அதன் பிறகு சட்டென்று ஏறியது. 1966-ல் ஸ்வீடன் அந்த விதை மருந்தை விலக்கிவிட்டது.

கனடாவின் மேற்குச் சமவெளியிலும் அதே மருந்துதான். ஃபிம்ரைட்டும் கனடா வனவிலங்குத் துறையினரும் அங்கே தானியம் பொறுக்கும் பறவைகளையும், அவற்றைத் தின்னும் வல்லூறு போன்றவற்றையும் சோதித்தார்கள். அவற்றில் பாதரசம் இருந்ததால், 1969-ல் ஆல்பர்ட்டா மாகாணம் கௌதாரி, ஃபெசன்ட் பறவைகளின் வேட்டைப் பருவத்தையே ரத்து செய்தது.

ஆய்வேட்டுக்கு இதுவே போதும். பல மாணவர்கள் இந்த இடத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அவரோ வயலுக்குள் பாதரசம் விதை வழியாக வந்தது என்றால், தண்ணீருக்குள் எந்த வழியாகப் போகும் என்று தேடப் போனார்.

வழி காஸ்டிக் சோடா ஆலைகளில் இருந்தது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின் வாயு பிரியும். மறுபக்கம் வரும் சோடியத்தைப் பிடிக்க, தொட்டியின் அடியில் பாதரசத்தை ஓடவிடுவார்கள். சோடியம் அதோடு ஒட்டிக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய், அங்கே தண்ணீர் பட்டதும் கழன்று காஸ்டிக் சோடாவாகிவிடும். பாதரசம் மறுபடி வேலைக்குத் திரும்பும். ஏட்டுக் கணக்கில் ஒரு சொட்டுகூடச் செலவில்லை. நடைமுறையில் கழுவிவிடும் தண்ணீரோடு அது ஆண்டுக்கணக்கில் ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. செயின்ட் கிளேர் ஏரிக்கு மேலே, ஆற்றங்கரையில், சார்னியா என்ற ஊரில் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் ஆலை இருந்தது.

ஆற்றில் போவது தெரிந்தும் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பாதரசம் கனமான உலோகம். அடியில் போய்ச் சேற்றில் கிடக்கும் என்று நம்பினார்கள். ஜப்பானின் மினமாட்டாவில் மீன் தின்றவர்கள் நரம்பு செத்துத் துடித்த கதை உலகத்துக்குத் தெரியும்தான். ஆனால் அங்கே ஆலையிலிருந்தே மீத்தைல் பாதரசம் என்ற கொடிய வடிவம் கடலில் விழுந்தது. எங்களுடையது அந்த வகை இல்லை என்று சோடா ஆலைக்காரர் சொல்லிக்கொள்ள வழி இருந்தது.

அந்த வழியை அடைத்தவர்கள் சோரன் ஜென்சன், ஆர்னே யெர்னெலோவ் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள். ஏரிச் சேற்றைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு, சாதாரணப் பாதரச உப்பைச் சேர்த்துக் காத்திருந்தார்கள். சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றிவிட்டன. 1969-ல் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. அதாவது, ஒவ்வொரு ஆலைக்குக் கீழேயும் ஆற்றுச் சேறே இன்னொரு ஆலையாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

மீத்தைல் பாதரசம் பாசியில் ஏறும், பாசி தின்னும் பூச்சியில் ஏறும், பூச்சி தின்னும் சிறு மீனில் ஏறும். சிறு மீனைத் தின்னும் பெரிய மீனுக்கு வரும்போது தண்ணீரில் இருந்ததைப்போல் பல லட்சம் மடங்காகிவிடும். தண்ணீரை அளந்தால் ஒன்றும் தெரியாத காலத்தில் மீனை அளந்ததுதான் ஃபிம்ரைட்டின் கெட்டிக்காரத்தனம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அது கொழுப்பில் தங்குவதில்லை, சதையின் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. தோலை உரித்தாலும் போகாது, புளி கரைத்துக் குழம்பாகக் கொதிக்க வைத்தாலும் போகாது.

சார்னியாவோடு விஷயம் நிற்கவில்லை. ஆன்டாரியோவின் வடமேற்கில் டிரைடன் என்ற ஊரில், காகித ஆலைக்கு வெளுப்புக் குளோரின் தர ஒரு சோடா ஆலை இருந்தது. 1962 முதல் 1970 வரை ஏறக்குறைய 9 முதல் 10 டன் பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் விட்டது. ஃபிம்ரைட் அந்தப் பக்கத்து ஏரிகளுக்கும் போய் மீன் பிடித்து அளந்தார். கிளே ஏரியில் சில மீன்களில் 20 பிபிஎம்மையும் தாண்டியது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிராஸி நேரோஸ் என்ற ஓஜிப்வே பழங்குடி மக்களின் குடியிருப்பு. அவர்களுக்கு மீன்தான் சாப்பாடு, பிழைப்பும் அதுவே. மீன்பிடிக்க வரும் பணக்கார வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டிகளாகப் போவார்கள். பிடித்த மீனை மதியம் கரையிலேயே சமைத்து எல்லோரும் உண்பார்கள். ஒரே ஆண்டில் உணவும் கூலியும் சேர்ந்து போயின.

மினமாட்டா நோயை ஆராய்ந்த ஜப்பானிய மருத்துவர் மசசுமி ஹராடா 1975-ல் அங்கே வந்து பார்த்தார். கை கால் மரத்துப்போதல், பார்வை ஓரங்கள் சுருங்குதல் என்று மினமாட்டாவில் கண்ட அறிகுறிகளை அங்கும் கண்டார். மீனை விற்காதே என்று சொல்ல அரசுக்குச் சில வாரங்கள் போதுமாக இருந்தன. மனிதரைப் பற்றி முடிவெடுக்க 1986 வரை ஆயிற்று. அப்போதுதான் இழப்பீட்டு வாரியம் வந்தது. ஆற்றைச் சுத்தம் செய்ய மாகாண அரசு 8.5 கோடி டாலர் தருவதாகச் சொன்னது 2017-ல். எண்கள் எல்லாம் முதல் நாளே மேசையில் இருந்தன.

நம் பக்கம் கொடைக்கானல். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து 1983-ல் பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை, பின்னாளில் இந்துஸ்தான் லீவர் வசமானது. அங்கே முதலில் துப்புக் கிடைத்தது எந்தச் சோதனைச்சாலையிலும் இல்லை, அவ்வூரின் மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த பழைய சாமான் கடையில். 2001 மார்ச்சில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன்கணக்கில் அங்கே கிடந்ததை ஊர்மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. பிறகு ஹைதராபாத் ஆய்வாளர்கள் மரங்களில் படர்ந்த பாசியையும் லைக்கனையும் சுரண்டி எடுத்து அளந்தார்கள். லைக்கன் என்று பயந்துவிட வேண்டாம், செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியின் இனம்தான். அதற்கு வேர் கிடையாது, காற்றிலிருந்தே உண்ணும். ஆகவே காற்றில் போன பாதரசம் அதில் பதிந்திருக்கும். ஆலையருகே எடுத்ததில் தொலைவிடங்களைவிடப் பல மடங்கு இருந்தது. சின்ன வயதில் உடைந்த தெர்மாமீட்டரின் வெள்ளி உருண்டையை உள்ளங்கையில் உருட்டி விளையாடியவன் நான். அது அறைச் சூட்டிலேயே ஆவியாகும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இன்றைய ஆராய்ச்சி மாணவர் பாடு வேறு. பிபிஎம் போய், ஒரு லிட்டர் தண்ணீரில் நானோகிராம் கணக்குக்கு வந்துவிட்டார்கள். தண்ணீர் மாதிரி எடுக்க இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் 'சுத்தக் கை', மற்றவர் 'அழுக்குக் கை'. பாட்டில் இரண்டு பைகளுக்குள் இருக்கும். வெளிப்பையை அழுக்குக் கைக்காரர் திறப்பார், உள்பையையும் பாட்டிலையும் சுத்தக் கைக்காரர் மட்டுமே தொடுவார். பல்லில் வெள்ளி அடைத்தவர் பாட்டில் மேல் மூச்சு விடக் கூடாது, அந்த அடைப்பில் பாதரசம் இருக்கிறது. கொட்டும் மழையில் படகில் நின்று இதைச் செய்து பார்த்தால்தான் ஒரு புள்ளிவிவரத்தின் விலை தெரியும்.

கனடாவில் பழைய கணக்குகளும் வீண்போகவில்லை. கிராஸி நேரோஸ் மக்களின் தலைமுடி முதலியவற்றில் 1970 முதல் அளந்து வைத்திருந்த பாதரசக் கணக்கை 2020-ல் ஒரு குழு எடுத்து ஆராய்ந்தது. 60 வயதுக்குள் இறந்தவர்களிடம் பாதரசம் கூடுதலாக இருந்தது என்பது அதன் முடிவு.

வாபிகூனில் பாதரசம் கொட்டுவது 1970-லேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. 2024-ல் பிரையன் பிரான்ஃபைருன் என்ற பேராசிரியர் ஓர் ஆய்வை வெளியிட்டார்: டிரைடன் காகித ஆலை இன்றும் விடும் கழிவுநீரில் உள்ள சல்பேட்டும் மட்கும் பொருளும் சேற்று நுண்ணுயிர்களுக்குத் தீனியாகி, பழைய பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுவதைக் கூட்டுகின்றன. அவர் வேலை பார்ப்பது ஃபிம்ரைட் படித்த அதே பல்கலைக்கழகத்தில்.