சிறுநீரகக் கல்: எத்தனை முறை மலையிறங்க வேண்டும்?

ஏற்காட்டிலிருந்து சேலம் போக 20 கொண்டை ஊசி வளைவுகள். நாகலூர்க்காரரோ செம்மநத்தத்துக்காரரோ சிறுநீரகக் கல்லுக்கு எந்தச் சிகிச்சை நல்லது என்று கேட்டால், கல்லின் அளவோடு அந்தப் பாதையையும் கணக்கில் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

5 மி.மீ.க்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். வலிக்கு மாத்திரை, தண்ணீர், சில வாரப் பொறுமை போதும். வாழைத்தண்டுச் சாற்றில் கல் விழுந்ததாகச் சொல்பவர்கள் பலருக்கும் விழுந்தது இந்த அளவுக் கல்தான்.

சிறுநீரகத்துக்குள் 2 செ.மீ.க்கு உட்பட்ட கல் என்றால் வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி உடைக்கலாம். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் தொடங்கிய முறை இது. கத்தி படாது, அன்றே வீடு திரும்பலாம். ஆனால் உடைந்த துகள்கள் தாமாக இறங்கியாக வேண்டும். கல் கடினமானால் இரண்டு, மூன்று தடவை உடைக்க நேரும். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது.

சிறுநீர்ப் பாதை வழியே மெல்லிய கருவியை விட்டு லேசரால் பொடியாக்கும் முறையில் வேலை பெரும்பாலும் ஒரே தடவையில் முடிந்துவிடும். என் கவலை அதற்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் தற்காலிகமாக வைக்கும் ஸ்டென்ட் குழாயைப் பற்றியது. வலி நின்று, காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் வந்துவிட்டால், அதை எடுக்க மறுபடி இறங்குவது தள்ளிப்போகும். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் ஸ்டென்ட்டின் மேலேயே கல் படியும்; அதை எடுப்பதே தனி அறுவை சிகிச்சையாகிவிடும். எடுக்க வேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

2 செ.மீ.க்கு மேற்பட்ட கல்லுக்கு முதுகில் சிறு துளையிட்டு எடுக்கிறார்கள். ரத்தப்போக்கு அபாயம் சற்று அதிகம், சில நாள் தங்கவும் வேண்டும். ஆனாலும் பெரிய கல்லைத் தவணை முறையில் உடைத்துக்கொண்டு அலைவதைவிட மலைவாசிகளுக்கு இதுவே மேல் என்பேன். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவுக்கு அஞ்ச வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் கேளுங்கள்.

விலா வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கல் அடைத்த இடத்தில் தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் முதலில் குழாய் வைத்து அடைப்பைத்தான் நீக்குவார்கள். கல்லை எடுப்பது காய்ச்சல் தணிந்த பிறகு.