உளச்சிகிச்சையில் விழுமியத் தெளிவு

பெங்களூரில் மல்லேசுவரத்தை அடுத்துள்ள ஸ்ரீராம்புரம், தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் ஒன்று. மினர்வா, பின்னி முதலிய ஆலைகள் இயங்கிய காலத்தில், ஆலை வேலையை நம்பித் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கும் சுற்றுப்புறங்களிலும் வேரூன்றின. அவ்வாலைகள் மறைந்துவிட்டன. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் கணினி நிறுவனங்களிலும் பணியாற்றுகின்றனர். 2014-இல் திறக்கப்பட்ட மெட்ரோ பாதை அவர்களைப் பீனியா தொழிற்பேட்டைக்கு விரைவில் கொண்டு சேர்க்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று மொழியை மாற்றிக்கொள்வதில் அவர்களுக்குச் சிரமமில்லை. ஆனால் வீடு உயர்வெனக் கருதுவதை அலுவலகம் உயர்வெனக் கருதுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே எதைப் பற்றி நிற்பது என்ற குழப்பம், தூக்கமின்மையாகவும் நெஞ்சு அழுத்தமாகவும் உருக்கொண்டு மருத்துவரிடம் வந்து சேர்வதுண்டு.

எடுத்துக்காட்டாக, இப்பகுதியில் வாழும் முப்பது வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். தந்தை இல்லை. ‘கார்மெண்ட்ஸ்’ என்று மக்கள் வழங்கும் ஆடைத் தொழிற்சாலையில் பத்தாண்டுகளாகத் தையல் வேலை. அவ்வருவாயில்தான் தம்பி படித்தான். இப்போது அவனும் சம்பாதிக்கிறான். தாய் திருமணப் பேச்சை எடுக்கிறார். உடன் பணிபுரிவோர் மேலே படிக்கச் சொல்கின்றனர். இவருக்கோ இரவில் உறக்கமில்லை. உடலில் நோயில்லை என்று மருத்துவர் உறுதிசெய்து, உள ஆலோசகரிடம் அனுப்புகிறார். “உங்களுக்கு எது முக்கியம்?” என்ற கேள்விக்கு, “குடும்பம்தான்” என்று விடை உடனே வருகிறது. அடுத்து, “நான் என்ன செய்யட்டும்? நீங்களே ஒரு வழி சொல்லுங்கள், மேடம்” என்கிறார்.

ஆலோசகருக்கு இங்கேதான் சோதனை. “தாய் சொல்வதைக் கேளுங்கள்” என்று கூறிவிடலாம். “இனியேனும் உங்களுக்காக வாழுங்கள்” என்றும் கூறலாம். முன்னது பழமையென்றும் பின்னது புதுமையென்றும் தோன்றினும், இரண்டும் ஒரே செயலைத்தான் செய்கின்றன: ஆலோசகர் தம் விழுமியத்தை எடுத்து வந்தவர் கையில் கொடுத்துவிடுகிறார். பின்னதுதான் நம்மிடையே அதிகம் கவனிக்கப்படாத தவறு என்பது என் கருத்து. படித்தவரின் விருப்பு அறிவியலின் தீர்ப்பைப் போல ஒலித்துவிடுகிறது.

பெங்களூரில் எழுந்த சிந்தனை

இந்திய நோயாளிகள் ஆலோசகரை மூத்தவராகவே காண்கின்றனர் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. பெங்களூரில் 1954-இல் தொடங்கப்பெற்ற அகில இந்திய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சூர்யா, ஜெயராம் ஆகிய இருவரும் 1964-இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கினர். நம் நாட்டு நோயாளி, மனத்தின் உள்ளே காரணம் தேடும் விளக்கங்களைவிட, வாழ்க்கைச் சூழலில் நேரடியாகக் கிட்டும் துணையையே எளிதில் ஏற்கிறார். சிகிச்சையாளரைத் தமக்கு மேலானவராக வைத்துப் பார்க்கிறார் என்பது அவர்களின் கருத்து. அந்நிறுவனம் 1974-இல் அங்கிருந்த மனநல மருத்துவமனையுடன் இணைந்து, இன்று ‘நிம்ஹான்ஸ்’ எனப் பெயர் பெற்ற தேசிய நிறுவனமாயிற்று. ஜஸ்வந்த் சிங் நேகி 1973-இல் எழுதிய கட்டுரையில், குரு–சீடர் உறவையே சிகிச்சைக்கு ஒரு முன்மாதிரியாகக் கொள்ள இயலுமா என ஆராய்ந்தார்.

குருவாக மதிக்கப்படுவதை ஆலோசகர் மறுக்க வேண்டியதில்லை. அம்மதிப்பினால்தான் முன்பின் அறியாதவரிடம் மனம் திறக்கிறது. ஆயின் அதனைக் கட்டளையிடப் பயன்படுத்தாமல், கேள்வி கேட்கும் உரிமையாகப் பயன்படுத்துவதே திறமை.

ஏழு சோதனைகள்

‘விழுமியத் தெளிவு’ என்னும் முறை முதலில் பள்ளி வகுப்பறைக்காக உருவாயிற்று. அமெரிக்கக் கல்வியாளர்கள் லூயிஸ் ராத்ஸ், ஹார்மின், சைமன் ஆகியோர் 1966-இல் வெளியிட்ட நூல் அதற்கு அடிப்படை. ஒன்று ஒருவருடைய விழுமியமாவதற்கு, அதனை அவர் கட்டாயமின்றி, மாற்று வழிகளுக்கிடையே, விளைவுகளை எண்ணிப்பார்த்துத் தேர்ந்திருக்க வேண்டும். அதனைப் போற்ற வேண்டும், பிறரறியச் சொல்லவும் தயங்கக்கூடாது. அதன்படி நடக்க வேண்டும், மீண்டும் மீண்டும் நடக்க வேண்டும். இவை ஏழும் நிறைவேறாதது வெறும் விருப்பமாகவோ பழக்கமாகவோ இருக்கலாம் என்றனர். நன்மை தீமைக்கு இம்முறை அளவுகோல் தருவதில்லை என்ற கண்டனம் அக்காலத்திலேயே எழுந்தது. அது நியாயமானதே.

நம் உதாரணப் பெண்ணை இச்சோதனையில் நிறுத்திப் பாருங்கள். பத்தாண்டுச் சம்பளம் வீட்டுக்கே போயிருக்கிறது; நடந்து காட்டியாயிற்று. பிறரறியச் சொல்லவும் அவர் தயங்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் வேலைக்குச் சென்றபோது வேறு வழி இருந்ததா? இல்லை. ஆதலின் அது அவருடைய விழுமியமே அன்று என்று முடிவுகட்டுவது அவசரம். கட்டாயத்தில் தொடங்கிய ஒன்றைப் பின்னாளில் ஒருவர் மனமுவந்து தமதாக்கிக் கொள்ளலாம். குடும்பத்தின் விருப்பமும் தனிமனித விருப்பமும் எப்போதும் எதிரெதிரானவை என்ற கொள்கை, ஒரே அடுப்பில் உண்ணும் வீடுகளுக்குப் பொருந்தாது. இன்று மறுக்கும் வாய்ப்பு இருந்தும் அதனையே தேர்வாரா என்பதே கேட்கத் தக்கது.

அதனை எவ்வாறு கேட்பது? மில்டன் ரோக்கீச் 1973-இல் வெளியிட்ட அளவுகோலில் 18 இலட்சியங்களும் 18 நடத்தைப் பண்புகளும் உண்டு. அவற்றை வரிசைப்படுத்தச் சொல்வது ஆய்வுக்கு ஏற்றது. ஆலோசனை அறையில் அதனைக் கொடுத்தால் தேர்வுத்தாளாகிவிடும். ‘விழுமியம்’ என்ற சொல்லே அங்கு வேண்டாம். “எதை விட்டுவிட்டால் உங்களுக்கு மனம் கேட்காது?” என்று கேட்டால் போதும். சென்ற மாதச் சம்பளமும் ஞாயிற்றுக்கிழமைகளும் எவ்வாறு செலவாயின என்று பேசச் சொல்லலாம். எதன்மீது கோபம் வந்தது என்பதும் நல்ல கேள்வியே. புண்பட்ட இடத்தில் பெரும்பாலும் ஒரு விழுமியம் இருக்கும்.

1999-இல் ஸ்டீவன் ஹேய்ஸும் அவருடன் பணியாற்றியோரும் நூலாக வெளியிட்ட ‘ஏற்பும் உறுதியும்’ என்னும் சிகிச்சைமுறை, குறிக்கோளையும் விழுமியத்தையும் பிரித்துக் காட்டுகிறது. குறிக்கோள் அடைந்தவுடன் முடிந்துவிடும். விழுமியம் திசையைப் போன்றது, நடந்துகொண்டே இருக்கலாம். இவ்வேறுபாடு நம் உதாரணப் பெண்ணுக்கு மிகவும் தேவை. தம்பியைப் படிக்க வைப்பது குறிக்கோள், அது நிறைவேறிவிட்டது. நிறைவேறிவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பரிவுடன் இருப்பது திசை. அதனைத் திருமணத்திலும் தொடரலாம், செவிலியர் பயிற்சியிலும் தொடரலாம், இப்போதுள்ளபடியே தாயுடன் இருந்தும் தொடரலாம். முதலில் அவருடன் தனித்துப் பேசி, பின்னர் அவர் இசைந்தால் தாயையும் அழைத்துப் பேசுவது நம் சூழலுக்குப் பொருத்தமாகும்.

எல்லா நிலையிலும் இம்முறை உதவாது. கடும் மனச்சோர்வில் எல்லாமே பயனற்றதாகத் தோன்றும். தற்கொலை எண்ணம் இருப்பின் பாதுகாப்பும் மருத்துவமுமே முதலில் வரவேண்டும். வீட்டில் அடிபடும் பெண்ணிடம் விழுமியம் பற்றிப் பேசுவது கொடுமை; அவருக்குத் தேவை 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு.

அலுவலர்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, தம் சிகிச்சை பற்றி ஒருவர் எடுக்கும் முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதனால் மட்டுமே, முடிவெடுக்கும் திறன் அவருக்கு இல்லையென்று கொள்ளலாகாது. இச்சட்டத்தின் நோக்கம் ஆலோசனை அறையிலும் நிலவ வேண்டுமாயின், பயிற்சியும் நேரமும் வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் அழைக்கலாம். அவசரத் துணைக்கு அது பெரிதும் பயன்படும். ஆனால் பத்தாண்டுப் பழக்கத்தைப் பிரித்துப் பார்க்க, அதே ஆலோசகரை நான்கைந்து முறையேனும் சந்திக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை பேர் பார்க்கப்பட்டனர் என்ற எண்ணிக்கையை மட்டும் கேட்கும் மாதாந்தர அறிக்கைப் படிவத்தில், திரும்பி வந்தோர் எத்தனை பேர் என்பதற்கும் ஒரு கட்டம் சேர்க்கலாம்.