தீப்பொறி இல்லாமல் பற்றும் இஞ்சின்

மரக்காணம் உப்பளத்தில் அப்பா தண்ணீர் இறைக்கும் டீசல் இஞ்சின் ஒருநாள் காலை ஸ்டார்ட் ஆகவில்லை. தண்ணீர் ஏறாவிட்டால் பாத்தி வேலை நிற்கும், கூலியும் இல்லை. "ரிங் தேஞ்சு போச்சு தம்பி, கம்ப்ரஷன் நிக்கல" என்றார் மெக்கானிக். அப்போதுதான் நண்பர்களே, நாம் நெட்டுருப் போட்ட வாயு விதி எனக்கு உறைத்தது!

காற்றை 16-இல் ஒரு பங்காக அமுக்கினால் அழுத்தம் 16 மடங்கு என்பது 1662-இல் பாயில் சொன்னது. ஆனால் வெப்பநிலை மாறாதிருந்தால்தான் அது சரி. இஞ்சின் அமுக்குகிற வேகத்தில் சூடு வெளியேற நேரமேது? கணக்குப்படி அழுத்தம் சுமார் 48 மடங்காகிறது. 48-ஐ 16-ஆல் வகுத்தால் 3. ஆக 300 கெல்வின் காற்று 900 கெல்வினுக்கு ஏறுகிறது. (இதைச் செல்சியஸில் போட்டு மார்க்கை விட்டவன் நான்!) அந்தச் சூட்டில்தான் டீசல் தானே பற்றுகிறது. ரிங் வழியே காற்று கசிந்தால் அழுத்தமும் ஏறாது, சூடும் ஏறாது.

புது ரிங் போட்டதும் இரண்டாவது சுற்றிலேயே இஞ்சின் புகை கக்கியது.