நாற்காலி சுடுதுங்க!

'ஆமாம்' என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்குமோ என்னவோ. சொல்லவில்லை. போயே போச்சு!

நம்ம ஆபீஸ் சமாசாரம் இல்லை சார். ஹார்வர்டு, பென்சில்வேனியா, எம்.ஐ.டி. என்று அமெரிக்காவில் பேர் பெற்ற மூன்று பல்கலைக்கழகங்கள். மூன்றுக்கும் அப்போது தலைவர்கள் பெண்கள். நம் ஊர் துணைவேந்தர் மாதிரி பதவி. 2023 டிசம்பர் 5-ம் தேதி மூன்று பேரையும் அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி கூப்பிட்டு உட்கார வைத்தது. எலீஸ் ஸ்டெஃபானிக் என்ற பெண் எம்.பி. கிடுக்கிப்பிடி போட்டார். யூதர்களைப் பூண்டோடு அழிக்க வேண்டும் என்று ஒருத்தர் குரல் கொடுத்தால், அது உங்கள் காலேஜ் விதிப்படி தப்பா, இல்லையா?

சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்கிற மாதிரி பதில் வந்தது. அமெரிக்கச் சட்டப்படி பார்த்தால் அதில் விஷயம் இருக்கிறது. அங்கே வெறும் பேச்சுக்குப் பாதுகாப்பு அதிகம். ஆனால் அது வக்கீல் எழுதிக் கொடுத்த பதில். டி.வி.யில் பார்த்த அம்மா அப்பாக்களுக்கு வக்கீலா தெரிவார்? நாலே நாளில் பென்சில்வேனியா தலைவி லிஸ் மகில் ராஜினாமா. அடுத்த மாதம் 2-ம் தேதி ஹார்வர்டு தலைவி கிளாடின் கே ராஜினாமா. (அவர் மேல் ஆராய்ச்சிக் கட்டுரையில் காப்பியடித்த புகாரும் சேர்ந்துகொண்டது.) எம்.ஐ.டி. அம்மா மட்டும் தப்பித்தார்.

இவ்வளவு சூடு ஏன்? 2023 அக்டோபர் 7-ம் தேதி ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் செத்தார்கள். சுமார் 250 பேரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதிலுக்கு இஸ்ரேல் நடத்திய போரில் காஸாவில் பல்லாயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அமெரிக்க மாணவர்கள் கொதித்தார்கள்.

சரி, போர் அங்கே நடந்தால் இங்கே காலேஜில் ஏன் கூடாரம்? பி.காம். படித்ததால் எனக்கு இந்த இடம் சட்டென்று புரிந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடம் நன்கொடையாகச் சேர்ந்த பெரும் நிதி இருக்கிறது. ஹார்வர்டிடம் மட்டும் 5,000 கோடி டாலருக்கு மேல்! அதை ஷேர், பாண்டு என்று போட்டு வைத்திருக்கிறார்கள். இஸ்ரேல் ராணுவத்தோடு வியாபாரம் செய்யும் கம்பெனிகளிலிருந்து அந்தப் பணத்தை எடு என்பதுதான் கோரிக்கை.

அந்த வளாகங்களில் பயம் இரண்டு பக்கமும் இருந்தது. 2023 அக்டோபரில் கார்னெல் மாணவன் ஒருவன், யூத மாணவர்களைக் கொல்வேன் என்று இன்டர்நெட்டில் எழுதினான். 21 மாதம் ஜெயில். அடுத்த மாதம் வெர்மான்ட் மாநிலத்தில், தெருவில் நடந்து போன பாலஸ்தீன வம்சாவளி மாணவர்கள் மூன்று பேரை ஒருவன் சுட்டான். ஒரு மாணவருக்கு மார்புக்குக் கீழே செயல் போய்விட்டது. இந்த இரண்டு தரப்புப் பிள்ளைகளும் பத்திரமாகக் கிளாஸுக்குப் போய்வரச் செய்ய வேண்டியதுதான் பல்கலைக்கழகத்தின் முதல் வேலை. செய்தார்களா?

நியூயார்க்கின் கொலம்பியாவைப் பாருங்கள். 2024 ஏப்ரல் 17 விடியற்காலை புல்வெளியில் கூடாரம் முளைத்தது. அதே நாள் தலைவி மினூஷ் ஷஃபீக், நாடாளுமன்றக் கமிட்டி முன்னால். மறுநாளே போலீஸைக் கூப்பிட்டார். நூறு பேருக்கு மேல் கைது. பிரச்னை தீர்ந்ததா? பக்கத்துப் புல்வெளியில் மறுபடி ஆள் சேர்ந்தது. நாடு முழுக்கக் காலேஜ்களில் கூடாரம்! அந்தக் கூடாரங்களுக்குள் யூத மாணவர்களும் இருந்தார்கள். தங்கள் பாஸ்கா பண்டிகை விருந்தை அங்கேயே கொண்டாடினார்கள். அதே நாட்களில், போராட்டத்தில் சேராத யூத மாணவர்களைப் பார்த்து 'போலந்துக்கே போ' என்று கத்தியவர்களும் உண்டு. ஹிட்லர் காலத்தில் போலந்து நாட்டு யூதர்கள் சுமார் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். தாத்தா பாட்டியை அங்கே பறிகொடுத்த வீட்டுப் பையன் காதில் அது எப்படி விழும்? இஸ்ரேல் அரசைத் திட்டுவது அரசியல். பக்கத்து பெஞ்சில் இருப்பவனை யூதன் என்பதற்காகவே விரட்டுவது வெறுப்பு. இரண்டுக்கும் நடுவில் கோடு போட வேண்டியவர்கள் போலீஸுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 30 ராத்திரி. மாணவர்கள் பிடித்து வைத்திருந்த ஹாமில்டன் ஹாலுக்குள் ஜன்னல் வழியாகப் போலீஸ் புகுந்தது. வியட்நாம் போர் சமயம், 1968-ல், அதே ஏப்ரல் 30-ல், அதே கட்டடத்திலும் போலீஸ் நுழைந்திருந்தது. பழைய ஃபைலைப் புரட்டிப் பார்க்க ஆள் இல்லை போலிருக்கிறது. பெரிய பட்டமளிப்பு விழா கேன்சல். ஆகஸ்டில் ஷஃபீக்கும் ராஜினாமா.

லாஸ் ஏஞ்சலீஸில் கதை வேறு. அங்கே கூடாரக்காரர்கள் யூத மாணவர்கள் சிலரை வழி மறித்தார்கள். நிர்வாகம் பார்த்துக்கொண்டே இருந்தது. அதே ஏப்ரல் 30 ராத்திரி எதிர்க்கோஷ்டி கம்பும் பட்டாசுமாக வந்து கூடாரத்தைத் தாக்கியது. அதையும் நிர்வாகம் பார்த்துக்கொண்டே இருந்தது! போலீஸ் தலையிடவே மணிக்கணக்காயிற்று. மறுநாள் ராத்திரி கைதானது யார்? அடி வாங்கிய கூடாரக்காரர்கள், இருநூறு பேருக்கு மேல். பிறகு யூத மாணவர்கள் போட்ட கேஸில், 2025-ல் சுமார் 60 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது பல்கலைக்கழகம்.

பிரௌன் பல்கலைக்கழகம் மட்டும் கொஞ்சம் புத்திசாலி. உட்கார்ந்து பேசினார்கள். கூடாரத்தை எடுங்கள், உங்கள் கோரிக்கையை அக்டோபரில் நிர்வாகக் குழு ஓட்டுக்கு விடுகிறோம் என்றார்கள். எடுத்தார்கள். ஓட்டில் கோரிக்கை தோற்றது. மாணவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் அந்தக் கூடாரத்தைப் பிரிக்க லத்தி தேவைப்படவில்லை.

ஆபீஸில் மீட்டிங் நேரத்தில் மேஜைக்கு அடியில் செல்போன் நோண்டும் நண்பர்கள் அடுத்ததைக் கவனமாகப் படிக்கவும். 2024 மே 31. கொலம்பியாவில், யூத மாணவர்களின் நிலைமை பற்றி ஒரு கலந்துரையாடல். கேட்க வந்த டீன்கள், யூதர்கள் பணத்துக்காக இதைப் பெரிதாக்குகிறார்கள் என்கிற தினுசில் ஒருத்தருக்கொருத்தர் கிண்டலாக மெசேஜ் அனுப்பிக்கொண்டார்கள். பின்னால் இருந்தவர் அந்த செல்போன் திரையைப் போட்டோ பிடித்துவிட்டார்! மூன்று பேர் பதவி காலி. கமிட்டி போடுவது சுலபம். காது கொடுத்துக் கேட்பதுதான் கஷ்டம்.

2025-ல் டிரம்ப் அரசு களத்தில் குதித்தது. யூத வெறுப்பைத் தடுக்கவில்லை என்று மார்ச்சில் கொலம்பியாவின் 40 கோடி டாலர் மானியத்தை வெட்டியது. கொலம்பியா பணிந்தது. ஜூலையில் 22 கோடி டாலருக்கு மேல் கட்டுவதாகக் கையெழுத்தும் போட்டது. ஹார்வர்டு 'முடியாது' என்றது. 220 கோடி டாலர் முடக்கம்! அடி விழுந்தது மருத்துவ ஆராய்ச்சிக்கு. லேபில் டெஸ்ட் டியூபைக் கழுவுகிறவர் யாரை வெறுத்தார் பாவம்? ஹார்வர்டு தலைவர் ஆலன் கார்பரே ஒரு யூதர்தான். செப்டம்பரில் நீதிபதி அலிசன் பரோஸ், மானிய வெட்டு சட்ட விரோதம் என்றும், யூத வெறுப்பு என்பது இதில் வெறும் புகைத்திரை என்றும் தீர்ப்பளித்தார்.

இது நமக்கும் பக்கத்து வீட்டுச் செய்திதான். 2023-24 கணக்கில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். போராட்டத்தில் கலந்துகொண்ட வெளிநாட்டு மாணவர்கள் சிலருக்கு 2025-ல் விசா ரத்தானது, சிலர் கைதும் ஆனார்கள். என் எதிர் வீட்டு மாமா தினமும் ராத்திரி மகனுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியாடா?" என்று கேட்பதற்கு முன்னால், "கூட்டம் பக்கம் போனியா?" என்று கேட்கிறார்.

கணக்குப் பிள்ளை புத்தியோடு இரண்டு வருஷத்தையும் கூட்டிப் பார்த்தேன். எம்.பி. மிரட்டினால் ஒரு பதில். நன்கொடைக்காரர் முறைத்தால் ஒரு பதில். அரசு பணத்தை நிறுத்தினால் இன்னொரு பதில். மாணவர்களுக்கென்று ஒரு பதிலைத்தான் காணோம்.

பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். விதியைச் சண்டைக்கு முன்னாலேயே எழுதி வை. கூடாரம் கூடாதென்றால் யாருக்கும் கூடாது. மிரட்டினால் அன்றைக்கே நடவடிக்கை, அவன் எந்தக் கட்சியானாலும் சரி. கோஷம் போட்டால் விட்டுவிடு, அது உனக்குப் பிடிக்காவிட்டாலும் சரி. கோரிக்கையோடு வந்தால் உட்கார வைத்துப் பேசு.

யூதக் குல்லா போட்ட பையனும், பாலஸ்தீனத் துண்டு போட்ட பையனும் ஒரே வராந்தாவில் பயமில்லாமல் நடக்க முடிகிறதா? அடுத்த தடவை கமிட்டி கூப்பிட்டால் இதற்காவது 'ஆமாம்' என்று சொல்கிற மாதிரி காலேஜை வைத்திருங்கள் அம்மா. நாற்காலி தானாகக் குளிர்ந்துவிடும்!