கார் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரி மீது பழி போடும் முன்...

காலை 5 மணி. காக்களூரில் ஒரு வீட்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மருத்துவமனையில் 8 மணிக்கு அப்பாவுக்கு டெஸ்ட். வெறும் வயிற்றோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மகன் சாவியைத் திருப்புகிறார். ‘டக்’. மறுபடியும் திருப்பினால் மறுபடியும் ‘டக்’. பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, ‘‘பேட்டரி போயிருக்கும் தம்பி, புதுசு மாத்திடுங்க’’ என்கிறார்.

சின்ன காருக்கே பேட்டரி மாற்ற சில ஆயிரங்கள் ஆகும். அதையும் கொடுத்துவிட்டு, மறுவாரம் அதே ‘டக்’ கேட்டால்? பணமும் போச்சு, நிம்மதியும் போச்சு. என்ன கோளாறு என்பதை கார் தானே சத்தம் போட்டுச் சொல்லும். நாம்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஒன்று மட்டும் முதலில்: உயிர் போகிற அவசரம் என்றால் பானெட்டைத் திறந்து ஆராய்ச்சி செய்யாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

சத்தம் சொல்லும் சேதி

சாவியைத் திருப்பும்போது என்ன கேட்கிறது?

* விளக்கு இல்லை, சத்தமும் இல்லை: பேட்டரி முழுதாக இறங்கியிருக்கலாம், டெர்மினல் கழன்றிருக்கலாம்.
* ‘டக டக டக’ என்று வேகமாகத் துடிக்கிறது: பெரும்பாலும் சார்ஜ் குறைவு.
* ஒரே ஒரு ‘டக்’: ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினலில் சிக்கல். மங்காமல் பளிச்சென்று எரிந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும்.
* செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை: பேட்டரி மீது குற்றமில்லை. பெட்ரோல், ஃபியூஸ், ஸ்பார்க் பிளக் என்று தேட வேண்டும்.

ஆட்டோமேட்டிக் காரா? கியர் ‘பி’யில் சரியாக விழாவிட்டால் செல்ஃப் எடுக்காது. பிரேக்கை மிதித்தபடி ‘என்’னுக்கு மாற்றி முயன்று பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால், சாவிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டி வைத்து அழுத்தினால் வேலை செய்யும்.

‘‘ஹார்ன் அடிக்குதே, அப்புறம் என்ன?’’

பலரும் கேட்கும் கேள்வி இது. ஒரு சாதாரண ஹெட்லைட் பல்புக்குச் சுமார் 5 ஆம்பியர் கரன்ட் போதும். செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்ற நூறு ஆம்பியருக்கும் மேல் வேண்டும். குடத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் டம்ளரை நிரப்பலாம், அண்டாவை நிரப்ப முடியுமா? அதே கதைதான்.

அந்தக் காலத்தில் காரின் முன்னால் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றினார்கள். அது எதிர்த்து உதைத்துக் கை ஒடிந்தவர்கள் உண்டு. 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் மோட்டார் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை மெல்ல ஒழிந்தது.

மல்டிமீட்டர் பொய் சொல்லாது

சில நூறு ரூபாய்க்கு எலெக்ட்ரிக்கல் கடையில் மல்டிமீட்டர் கிடைக்கும். அதை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் பார்ப்பது நல்லது.

* 12.6 வோல்ட் அல்லது சற்று மேலே: முழு சார்ஜ்.
* 12.2: பாதி காலி.
* 12-க்குக் கீழே: கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது.

அடுத்து ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்த நொடியில் 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்டும். அப்போதும் 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று அர்த்தம். இந்த நிலையில் புது பேட்டரி போட்டாலும் சீக்கிரமே அதுவும் படுத்துவிடும். கடையில் பேட்டரி வாங்கும் முன் இந்த எண்களைக் கேளுங்கள்.

ஸ்டேஷன் வரைக்கும்தானே!

காக்களூரிலிருந்து திருவள்ளூர் ரயில் நிலையம் பக்கம்தான். காரை அங்கே நிறுத்திவிட்டு ரயிலேறி, மாலை திரும்பி வருகிறவர்களின் பேட்டரிதான் சீக்கிரம் சோர்ந்துபோகும். ஒரு முறை ஸ்டார்ட் செய்ய இழந்த சார்ஜை அந்தக் குட்டிப் பயணம் முழுதாக ஈடு கட்டுவதில்லை. வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். வெயிலும் பேட்டரிக்கு எதிரி. நம் ஊர்ச் சூட்டில் மூன்று, நான்கு வருடம் உழைத்தாலே பெரிய விஷயம்.

பக்கத்து கார் உதவினால்...

ஜம்ப் ஸ்டார்ட் செய்ய வரிசை முக்கியம். சிவப்பு கேபிளை முதலில் படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை நின்றுபோன காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் பிடியுங்கள். அதையும் பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகே ஒரு பொறி பறந்தால் வெடிக்கலாம். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம். பேட்டரி உப்பியோ விரிசல் விட்டோ இருந்தால் தொடவே வேண்டாம்.

மழை வெள்ளத்தில் நின்ற காரா? ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், ஒரு முறை சாவியைத் திருப்புவதே இன்ஜினை முறித்துவிடும். மெக்கானிக் வரும்வரை அப்படியே விடுங்கள்.

பழசை எங்கே போடுவது?

பழைய பேட்டரியில் இருப்பது ஈயமும் ஆசிட்டும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் விஷம் ஈயம். மாடிப்படிக்கு அடியிலும் வைக்காதீர்கள், கண்ட இடத்தில் உடைப்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். புதிது வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை, 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மீதே சுமத்தியிருக்கின்றன.

சரி, அந்த ஒற்றை ‘டக்’? ஹெட்லைட்டைப் போட்டுத் திருப்பியதும் வெளிச்சம் மங்குகிறது. பானெட்டைத் திறந்தால் டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. இப்படியானால் மைனஸை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் நனைத்த பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடைக்க வேண்டும். பிறகு பிளஸ், கடைசியில் மைனஸ் என்று மாட்டி, 10-ம் நம்பர் ஸ்பேனரால் இறுக்கினால் போதும். பத்து நிமிட வேலை. அப்பாவின் டெஸ்ட்டுக்கும் நேரத்துக்குப் போய்விடலாம்!